ரூஃப்டாப் டென்ட் வாங்கி ஒரு வருஷம், 19 நைட்டு: யாரு வாங்கலாம், யாரு வாங்கவே கூடாது

"வீட்டுல அத்தாப்பெரிய மொட்டமாடி இருக்குது, அங்க போயி படுக்க வேண்டியதுதான, கார் மேல எதுக்குடா ஒரு மாடி?" கார் கூரை மேல மாட்டி, அங்கயே விரிச்சுப் படுக்கற டென்ட் இது. அது வந்து எறங்குன அன்னிக்கு எங்கப்பா கேட்ட கேள்விதான் மேல இருக்கறது. அப்ப சிரிச்சுட்டு போயிட்டேன். ஒரு வருஷம் கழிச்சு இப்ப யோசிச்சா அந்தக் கேள்வில பாதி நியாயம் இருக்குது, மீதி பாதிக்குத்தான் இத எழுதறேன்.

என் வண்டி 2016 ரெனோ டஸ்டர், ஆல் வீல் டிரைவ், டீசல். நான், வீட்டம்மா, ஏழு வயசு பையன். கோயம்புத்தூர்ல இருந்து லீவு கெடச்சா கெளம்பற ஆளுங்க. தரையில போடற டென்ட் ரெண்டு வச்சிருந்தோம், ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஒரு தடவ வால்பாறை பக்கம் ஒரு எஸ்டேட்ல நைட்டு பேஞ்ச மழைல டென்ட்டுக்கு அடியில தண்ணி ஓடி, காலைல எந்திரிச்சுப் பாத்தா பையன் கால்ல மூணு அட்டை, அன்னிக்கே வீட்டம்மா சொல்லிட்டாங்க இனிமே தரையில படுக்கறதுக்கு நான் வரமாட்டேன்னு. அப்படித்தான் இந்தக் கதை ஆரம்பிச்சுது.

வாங்கறவங்க எல்லாரும் பண்ற மொதல் தப்பு, டென்ட்ட பாக்கறது. நானும் அதத்தான் பண்ணுனேன், ரெண்டு மாசம் வீடியோவா பாத்துத் தள்ளிட்டு, கலர் எல்லாம் முடிவு பண்ணிட்டு, அப்பறம்தான் வண்டியோட மேனுவல எடுத்துப் பாத்தேன். மொதல்ல பாக்க வேண்டியது உங்க வண்டி ரூஃப் எத்தன கிலோ தாங்கும்னுதான். டஸ்டருக்கு 80 கிலோ, அதுவும் கேரியரையும் சேத்து. இது வண்டி ஓடும்போது உள்ள கணக்கு. பிரேக் அடிக்கும்போது, வளைவுல திரும்பும்போது, குழியில விழும்போது மேல இருக்கற வெயிட்டு அப்படியே ஆடும், தூக்கும், இழுக்கும், அதனாலதான் கம்மியா குடுக்கறாங்க. நிறுத்தி வச்சிருக்கும்போது அதே கூரை இதவிட ரொம்ப அதிகமா தாங்கும், கூரைய தாங்கற பில்லர் எல்லாம் பங்கு போட்டுக்கும், டென்ட்டோட வெளிய நீட்டுன பாதிய ஏணி தாங்கிக்கும். சில கம்பெனிங்க இந்த ரெண்டு நம்பரையும் தெளிவா எழுதியே குடுக்கறாங்க, அமெரிக்காவுல விக்கற சுபாரு ஃபாரஸ்டருக்கு ஓடும்போது 80 கிலோ, நிக்கும்போது 317 கிலோன்னு இருக்குது. நம்ம ஊர் வண்டிங்க மேனுவல்ல பெரும்பாலும் ஓடற கணக்கு மட்டும்தான் இருக்கும், சிலதுல அதுவும் இருக்காது.

கடையில நடந்த பேச்சு இப்படி.

"எத்தன வெயிட்டு தாங்கும் தம்பி?"

"300 கிலோ தாங்கும்ணா, பயப்படவே வேண்டாம்."

"டென்ட் தாங்குமா, இல்ல என் வண்டி தாங்குமா?"

"...டென்ட்டு தாங்கும்ணா."

இதுதான் விஷயம். டென்ட் 300 கிலோ தாங்கும், சரி. அந்த டென்ட்ட உங்க வண்டி தாங்குமாங்கறத கடைக்காரர் சொல்ல மாட்டார், அவருக்கு தெரியவும் தெரியாது. என் கணக்கு இப்படி வந்துச்சு: கிராஸ்பார், அதாவது டென்ட்ட மாட்டறதுக்கு கூரைல குறுக்க போடற கம்பி, ரெண்டும் 6 கிலோ, டென்ட் 52 கிலோ ஏணியோட சேத்து, உள்ளயே வச்சு மடிக்கற போர்வை தலகாணி ஒரு 4 கிலோ. மொத்தம் 62. எனக்கு மொதல்ல புடிச்சிருந்த ஹார்ட்ஷெல், அதாவது பெட்டி மாதிரி இருக்கற டென்ட், 75 கிலோ, அதோட கிராஸ்பார் 6, ஆக 81. ஒரு கிலோதானன்னு தோணும், ஆனா அது போர்வை தலகாணி கூட வைக்காம வர்ற கணக்கு. விட்டுட்டேன். மூணு டோர் மஹிந்திரா தார் ஹார்ட் டாப் வச்சிருக்கறவங்க இத இன்னும் கவனமா பாக்கணும், அந்த மேல்மூடி இரும்பு கெடையாது, ஃபைபர் சமாச்சாரம், அது மேல நேரா ஏத்த முடியாது, வெளிய சேசிஸ்ல இருந்து ஃபிரேம் கட்டித்தான் ஏத்தணும், அந்த ஃபிரேம் வெயிட்டே தனி.

சாஃப்ட்ஷெல்லா ஹார்ட்ஷெல்லாங்கற சண்டை எல்லா எடத்துலயும் நடக்குது. சாஃப்ட்ஷெல்ங்கறது புத்தகம் மாதிரி ரெண்டா மடியும், மேல ஒரு தார்ப்பாய் மாதிரி பிவிசி கவர். ஹார்ட்ஷெல்ங்கறது பெட்டி, க்ளிப்ப எடுத்து தள்ளுனா கேஸ் ஸ்ட்ரட் தூக்கிரும், ஒரு நிமிஷம். இதெல்லாம் புதுசும் இல்ல, இத்தாலில ஆட்டோஹோம் கம்பெனி 1958ல இருந்தே பண்ணிட்டு இருக்காங்க. கொரியாக்காரங்க ஐகேம்பர் வந்தப்பறம்தான் பெட்டியும் வேணும், விரிச்சா நாலு பேர் படுக்கவும் வேணும்ங்கற ஆசை எல்லாருக்கும் வந்துச்சு, ஆனா அவங்களோட ஸ்கைகேம்ப் டென்ட் 70 கிலோவத் தாண்டிரும், விலையும் டாலர்ல, அதுக்கு மேல கப்பல் கூலி, கஸ்டம்ஸ். நான் எடுத்தது சாதாரண சாஃப்ட்ஷெல், 78,000 ரூபா. பேர் போட வேண்டாம்னு நெனைக்கறேன், ஏன்னா இதே டென்ட்டு நாலு கடைல நாலு ஸ்டிக்கர் ஒட்டி விக்குது, தையல், ஜிப், ஏணி எல்லாம் ஒண்ணுதான், பக்கத்துல வச்சுப் பாத்தேன்.

விரிக்க எனக்கு 6 நிமிஷம், மடிக்க 15 நிமிஷம். விரிக்கறது ஜாலி, மடிக்கறதுதான் தண்டனை. துணிய உள்ள தள்ளிகிட்டே மடிக்கணும், ஓரத்துல ஒரு முழம் வெளிய தொங்கும், அத உள்ள தள்ளுனா அந்தப்பக்கம் வெளிய வரும், அப்பறம் பிவிசி கவர இழுத்து ஜிப் போடறதுக்குள்ள வண்டிய மூணு சுத்து சுத்தணும், டயர் மேல ஏறி நின்னு எக்கி எக்கி. தினமும் ஊர் மாத்தி ஊர் போற டைப்பு ஆளுங்களுக்கு இது ஒத்துவராது, ஹார்ட்ஷெல்லுக்கு வழி இருந்தா அதுக்கே போயிருங்க. ஒரே எடத்துல ரெண்டு மூணு நைட்டு தங்கறவங்களுக்கு சாஃப்ட்ஷெல் போதும், எடமும் ஜாஸ்தி கெடைக்கும்.

இப்ப துணிக்கு வரேன், இதுல நான் கொஞ்சம் குடுத்து வச்சவன், மச்சான் திருப்பூர்ல துணித் தொழில்ல இருக்கார். டென்ட்டு கூட ஒட்டு போடறதுக்குன்னு ஒரு சின்ன துண்டுத் துணி குடுப்பாங்க. அத எடுத்துட்டு போயி அவர்கிட்ட குடுத்து, 280 ஜிஎஸ்எம் பாலிகாட்டன்னு சொல்றாங்க, உண்மையான்னு கேட்டேன். ஜிஎஸ்எம்ங்கறது ஒரு சதுர மீட்டர் துணி எத்தன கிராம்ங்கற கணக்கு. மனுஷன் ஒண்ணும் பேசல, ஓரத்துல இருந்து ரெண்டு நூல உருவி லைட்டர்ல காட்டுனார். காட்டனா இருந்தா பேப்பர் எரியற வாசம் வரும், சாம்பல் பூவா உதிரும். பாலியஸ்டரா இருந்தா உருகி உருண்டையா கட்டிக்கும். இது ரெண்டும் கலந்து, எரிஞ்சுகிட்டே போயி நுனில கருப்பா கடுகு மாதிரி நின்னுச்சு. "கலப்புதான், பொய் சொல்லல"ன்னார். அப்பறம் அந்த ரவுண்டு கட்டர் இருக்குமே, ஒரு அமுக்கு அமுக்கி திருப்புனா 100 சதுர சென்டிமீட்டர் வட்டமா வெட்டித் தரும், அதுல வெட்டி தராசுல போட்டா 2.6 கிராம். நூறால பெருக்குனா 260. "இருவது கிராம் அடிச்சிருக்கான் மாப்ள, ஆனா இந்த வெலைக்கு இது பரவால்ல"ன்னு சொல்லிட்டு டீ வாங்கிக் குடுத்தார்.

260ஆ 280ஆங்கறது உங்க தூக்கத்த கெடுக்காது, அத பெருசா எடுத்துக்க வேண்டாம். பாலிகாட்டனா, வெறும் பாலியஸ்டரான்னு பாருங்க, அதுதான் முக்கியம். பாலியஸ்டர் லேசு, சீக்கிரம் காயும், விலையும் கம்மி, ஆனா உள்ள வேர்த்துக் கொட்டும். பாலிகாட்டன் மூச்சு விடும், ஆனா ஈரமாவே மடிச்சு வச்சா பூஞ்சை புடிக்கும். மேல போர்த்தற ஃபிளை ஷீட்டுல எத்தன மில்லிமீட்டர் வாட்டர்ப்ரூஃப்னு பாருங்க, அதாவது எத்தன மில்லிமீட்டர் உயரத்துக்கு தண்ணி நின்னா துணி ஒழுகாம தாங்கும்ங்கற கணக்கு, என்னுது 3000, மழைக்கு அது தாராளம். தண்ணி ஒழுகறது எப்பவுமே துணில இல்ல, தையல்லயும் ஜிப்புலயும்தான்.

அதனாலதான் மொதல் தடவ வெளிய எடுத்துட்டு போறதுக்கு முன்னாடியே வீட்டு வாசல்ல விரிச்சு தோட்டத்து பைப்ப வச்சு நல்லா நனைச்சு காயவிட்டு, மறுபடி நனைச்சு காயவிடணும். ஊசி போன ஓட்டை எல்லாம் நூல் உப்பி அடைச்சுக்கும். நான் ரெண்டு தடவ பண்ணுனேன். தெருவுல போறவங்க எல்லாம் நின்னு பாத்தாங்க, எதுத்த வீட்டு அக்கா "விசேஷமுங்களா, பந்தல் போடறீங்க?"ன்னு கேட்டாங்க.

மாட்டறது ஒரு தனி அக்கப்போர். டென்ட்ட கிராஸ்பாரோட சேத்து புடிக்க கூட குடுத்த ப்ளேட்டு தகரம் மாதிரி, நட்ட டைட் பண்ணுனா ப்ளேட்டு வளையுது. கணபதி பக்கம் தெரிஞ்ச லேத்துல போயி 5 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல நாலு ப்ளேட்டு வெட்டி ஓட்டை போட்டு வாங்குனேன், வேலையும் மெட்டீரியலுமா 2,200. அந்த அண்ணன் அளவெல்லாம் எடுத்துட்டு கடைசில "இது எதுக்குங்க, வண்டி மேல தூளி கட்டப் போறீங்களா?"ன்னார். கிட்டத்தட்ட அதான். போல்ட்டு எம்8, அதுக்கு உள்ள நைலான் வளையம் இருக்கற நைலாக் நட்டு போடுங்க, சாதா நட்டு வேண்டாம், காரணம் பின்னாடி சொல்றேன். டென்ட்ட தூக்கி மேல வைக்க மூணு பேர் வேணும், ரெண்டு பேரு போதும்னு சொல்றவங்க ஜிம்முக்கு போறவங்க.

உயரத்த டேப்பு வச்சு அளந்து ஒரு சீட்டுல எழுதி ஸ்டியரிங்குக்கு மேல ஒட்டி வையுங்க. என் வண்டி 1695 மில்லிமீட்டர், கிராஸ்பார், மடிச்ச டென்ட்டு எல்லாம் சேந்து ரெண்டு மீட்டர் எட்டு சென்டி. மால் பேஸ்மென்ட்டு வாசல்ல 2.1 மீட்டர்னு போர்டு, ரெண்டு சென்டி இருக்குதேன்னு தைரியமா எறக்குனேன், சரிவு முடிஞ்சு சமதரை ஆரம்பிக்கற எடத்துல முன் டயர் கீழயும் பின் டயர் மேலயும் இருக்கும்போது அந்த ரெண்டு சென்டி காணாம போயிருச்சு. கர்ர்ருனு ஒரு சத்தம். கவர்ல ஒரு சாண் கீறல் இன்னமும் இருக்குது. செக்யூரிட்டி அண்ணன் பின்னாடி நின்ன ஆறு காரையும் ரிவர்ஸ் எடுக்க வச்சு என்னைய வெளிய அனுப்புனார், வீட்டம்மா அன்னிக்கு பூரா பேசல.

மொதல் பெரிய டிரிப்பு ஆயுத பூஜ லீவுக்கு சக்லேஷ்பூர். சத்தி, பண்ணாரி, திம்பம், சாம்ராஜ்நகர், மைசூர், ஹாசன் வழி. பண்ணாரி கோயில் வாசல்ல நிறுத்தி நாலு நட்டையும் ஸ்பேனர் போட்டு பாத்தேன், மாட்டுன மொதல் நூறு கிலோமீட்டருக்குள்ள ஒருக்கா டைட் பண்ணணும்னு சொல்லுவாங்க, ரெண்டு நட்டு கால் சுத்து சுத்துச்சு. திம்பம் 27 கொண்டை ஊசிலயும் வண்டி வேற மாதிரி நடந்துக்கும், தலைக்கு மேல கொடம் வச்சுட்டு நடக்கறவங்க திரும்பற மாதிரி, நீங்க திருப்பி ஒரு நொடி கழிச்சுத்தான் மேல இருக்கறது திரும்பும். மூணாவது வளைவுக்கு மேல நானே வேகத்த கொறச்சுகிட்டேன். மைலேஜ் 15 குடுத்துட்டு இருந்தது 13க்கு வந்துருச்சு. ஹைவேல 80க்கு மேல போனா கிராஸ்பார்ல விசில் அடிக்கும், நைலான் கயித்த பார் மேல சுருட்டி சுத்துனா பாதி சத்தம் போயிரும். ஆடி மாசத்துல பாலக்காட்டு கணவாய் காத்து பக்கவாட்டுல அடிக்கும்போது மேல இத வச்சுட்டு ஓட்டிப் பாருங்க, ரெண்டு கையும் ஸ்டியரிங்க விடாது.

சக்லேஷ்பூர் எஸ்டேட்ல மூணு நைட்டு. மொத நைட்டு அருமை. காப்பிச் செடிக்கு நடுவுல, கீழ அட்டை ஊருது, மேல நாங்க காலாட்டிட்டு. மழை கொட்டுச்சு, கித்தான் மேல மழை விழற அந்த சத்தம் இருக்குதே, அதுக்காகவே எத்தன காசு வேணா குடுக்கலாம்னு அன்னிக்கு தோணுச்சு. ஃபிளை ஷீட்ட ஒழுங்கா கட்டியிருந்ததால துணி வழியா ஒரு சொட்டு வரல. ஆனா மேல வானம் பாக்கற ஜன்னல்னு ஒண்ணு வச்சிருப்பாங்க, நட்சத்திரம் பாக்கறதுக்காம், அதோட ஜிப் ஓரத்துல இருந்து அரை மணிக்கு ஒரு சொட்டு, சரியா என் நெத்தில.

ரெண்டாவது நாள் சாயங்காலம் பையனுக்கு காச்சல். மாத்திரை தீந்துருச்சு, மெடிக்கல் ஷாப்பு 11 கிலோமீட்டர் தள்ளி. அப்பத்தான் ஒறைச்சுது, வண்டிய எடுக்கணும்னா வீட்டையே மடிக்கணும். கொட்டற மழைல, இருட்டுல, ஹெட்லைட்ட தலைல கட்டிகிட்டு, காச்சக்கார பையன முன் சீட்டுல உக்கார வச்சுட்டு நானும் அவங்களும் நனைஞ்ச கித்தான மடிச்சோம். ஈரத்துல கனம் ரெண்டு மடங்கா தெரியுது. கவர் ஜிப் மூடல, கயித்த போட்டு கட்டிட்டு போனோம். எந்த வீடியோவுலயும் இத ஒருத்தரும் சொல்லல. தரையில டென்ட் போட்டிருந்தா டென்ட்ட அப்படியே விட்டுட்டு வண்டிய எடுத்துட்டு போயிருக்கலாம். ரூஃப்டாப் டென்ட்ல வண்டிதான் அஸ்திவாரம், பால் பாக்கெட் வாங்கக் கூட அஸ்திவாரத்த எடுத்துட்டுத்தான் போகணும். கொழந்தைங்களோட போறவங்க, தனியா ஒரே வண்டில போறவங்க, இத நாலு தடவ யோசிங்க. நாங்க இப்பல்லாம் இன்னொரு குடும்பத்தோட சேந்துதான் போறோம், ஒரு வண்டி எப்பவும் கெளம்பற மாதிரி நிக்கும்.

டிசம்பர்ல ஆந்திராவுல இருக்கற கண்டிகோட்டா. ஜம்மலமடுகுல இருந்து 15 கிலோமீட்டர், பெண்ணாறு பாறைய அறுத்துட்டு போற அந்த பள்ளத்தாக்கு, செவப்பு பாறை, கோட்டை, எல்லாரும் போட்டோவுல பாத்திருப்பீங்க. காலைல வெளிச்சம் வர்றப்ப மேல இருந்து ஜன்னல தொறந்தா வேற லெவல், அது உண்மை. ஆனா நைட்டு காத்து! ஃபிளை ஷீட்டு பட்டு பட்டுனு அடிக்குது, ஜன்னல் சன்ஷேடுக்கு குடுக்கற ஸ்ப்ரிங் கம்பி ஒவ்வொண்ணா ஓட்டையில இருந்து கழண்டு டொங்கு டொங்குனு வண்டி பாடில அடிக்குது. பன்னெண்டு மணிக்கு எறங்கி கம்பிய எல்லாம் உருவி, ஜன்னல மூடி, வண்டிய திருப்பி நிறுத்தி, கீல் இருக்கற பக்கத்த காத்துக்கு காட்டுன பிறகுதான் தூக்கம். நிறுத்தும்போதே காத்து எந்தப்பக்கம்னு பாத்து நிறுத்தியிருக்கணும், என் தப்பு. டென்ட்ட விரிச்சபடியே நாலடி நகத்துனது அதவிட பெரிய தப்பு, நீங்க பண்ணாதீங்க. திரும்பி வரும்போது பெங்களூர் தாண்டி டீ குடிக்க நிறுத்துனப்ப பாத்தா ஒரு நட்டே காணோம், போல்ட்டு மட்டும் நிக்குது. அதுக்கப்பறம்தான் நைலாக். ரோட்டோர ஓட்டல்ல நைட்டு நிறுத்தறவங்க சாவி போடற பூட்டு நட்டு போடுங்க, மத்த நட்டுன்னா திருடறவன் கழட்டறதுக்கு ஒரு 13 நம்பர் ஸ்பேனரும் பத்து நிமிஷமும் போதும்.

படுக்கை பத்தி. 140 சென்டி அகலம், மூணு பேருன்னு போட்டு விக்கறாங்க. நம்ம வீட்டு டபுள் காட்டு அஞ்சடி, இது நாலடி ஏழு இன்ச்சு. ரெண்டு பேரு, ஒரு சின்னக் கொழந்த, அவ்வளவுதான். பையன் இன்னும் ரெண்டு வருஷம் வளந்தா நான் கீழ எறங்கிக்கணும். மெத்த 6 சென்டி ஃபோம், இடுப்பு வலி ஒண்ணும் இல்ல, அத குறை சொல்ல மாட்டேன். ஆனா நைட்டு நம்ம மூச்சுக்காத்தும் சூடும் பட்டு மெத்தைக்கு அடியில தண்ணி கோத்துக்கும், காலைல தூக்கிப் பாத்தா பலகை நனைஞ்சு கெடக்கும். நான் புத்திசாலித்தனமா கோரைப்பாய் வாங்கி அடியில போட்டேன், ரெண்டு டிரிப்பு சூப்பரா வேலை செஞ்சுது, மூணாவது தடவ விரிச்சப்ப பாயில பச்சையா பூத்துருச்சு, டென்ட்டே பழைய கெணத்து வாசம். இப்ப 3,100 ரூபா குடுத்து அதுக்குன்னே வர்ற பிளாஸ்டிக் வலை மாதிரி மேட்டு வாங்கிப் போட்டிருக்கேன், பிரச்சினை தீந்துச்சு. பவானி ஜமுக்காளம் மட்டும் மேல விரிக்க இன்னும் வச்சிருக்கோம், அத மாத்தற ஐடியா இல்ல.

நைட்டு ரெண்டு மணிக்கு ஒண்ணுக்கு வருதுன்னு பையன் எழுப்புவான் பாருங்க, அப்ப இருக்குது ஏணி. பாதித் தூக்கத்துல அவன தோள்ல போட்டுட்டு, வழுக்கற அலுமினியம் படில, வெறுங்கால்ல. முட்டி வலி இருக்கற பெரியவங்கள இதுல ஏத்தலாம்னு கனவு காணாதீங்க. எங்கம்மா ஒருக்கா ஏறுனாங்க, எறங்கறதுக்கு இருவது நிமிஷம், தெருவே வேடிக்க பாத்துச்சு.

எங்க போடலாம்ங்கறதுதான் நம்ம ஊர்ல உண்மையான கேள்வி. ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா வீடியோவப் பாத்துட்டு காட்டு ரோட்டோரம் நிறுத்தி மேல ஏறிப் படுத்துக்கலாம்னு நெனைக்காதீங்க. அனுமதி இல்லாம ரிசர்வ் ஃபாரஸ்ட்ல நைட்டு தங்கறது தப்பு, பந்திப்பூர் மாதிரி ரோட்டுல நைட்டு 9ல இருந்து காலைல 6 வரைக்கும் வண்டியே ஓடக் கூடாது. "மேல இருக்கோம், பாதுகாப்பு"ன்னு ஒருத்தர் என்கிட்ட வாதம் பண்ணுனார். பாம்பு, தேள், அட்டைக்கு சரி. யானை எட்டடி ஒம்பதடி உயரம், நம்ம டென்ட்டு தரை ஆறடில இருக்குது. அதாவது நம்மள அதோட மூஞ்சிக்கு நேரா தாம்பாளத்துல வச்சு நீட்டற மாதிரி. நாங்க போறது எல்லாம் எஸ்டேட்டு, ஹோம்ஸ்டே, தெரிஞ்சவங்க தோட்டம், முன்னாடியே கேட்டுட்டுத்தான். டாய்லெட்டுக்கும் அதுதான் வசதி. பொள்ளாச்சி பக்கம் நண்பர் தோப்புல ஒருக்கா தங்கினோம், நல்ல நெழல்னு தென்னைக்கு அடியில நிறுத்தி, நைட்டு ஒரு மணிக்கு மட்டை ஒண்ணு பானெட்டுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்துச்சு. காய் விழுந்திருந்தா இந்த ரிவியூவே இல்ல. ஊட்டி, கொடைக்கானல் போறவங்களுக்கு 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் வேணும்ங்கறதயும் மறந்துராதீங்க.

போலீசு ரெண்டு தடவ நிறுத்துனாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு கம்பெனி குடுத்தத மாத்தக் கூடாதுங்குது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அத அழுத்தமா சொல்லிருச்சு. கழட்டி மாட்டற சாமான், ரூஃப்ல ஓட்டையும் இல்ல வெல்டிங்கும் இல்லன்னு காட்டுனேன், விட்டுட்டாங்க, ஒருத்தர் விரிச்சுக் காட்டச் சொல்லி ஏறி உக்காந்து கூட பாத்தார். எல்லா ஊர்லயும் இப்படியே இருப்பாங்கன்னு நான் சொல்ல வரல. ரூஃப்ல ஓட்டை போடற ஐடியாவ மட்டும் யாரு சொன்னாலும் கேக்காதீங்க.

வாங்குன கடையோட சர்வீஸ் சுமார்தான். ஆறாவது மாசம் கவர் ஜிப்போட ஸ்லைடர் ஒடைஞ்சுது, அஞ்சு வாரம் இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்தாங்க, கடைசில டவுன்ஹால் பக்கம் பேக் தைக்கற கடைல 10 நம்பர் ஸ்லைடர் 40 ரூபாய்க்கு மாட்டிட்டேன். பித்தளைல போட்டுக் குடுத்தார், ஒரிஜினல விட நல்லா ஓடுது. வாங்கும்போதே ஜிப் என்ன நம்பர்னு பாத்து வச்சுக்குங்க.

சரி, காசுக் கணக்கு. டென்ட் 78,000, கிராஸ்பார் 9,500, லேத் 2,200, மேட்டு 3,100. மொத்தம் 92,800. வருஷத்துல 19 நைட்டு. ஒரு நைட்டுக்கு கிட்டத்தட்ட 4,900 ரூபா, அந்தக் காசுக்கு கூர்க்ல காலை டிபனோட நல்ல ரூம் கெடைக்கும். அடுத்த வருஷம் இன்னும் 19 போனா பாதியாகும்னு வீட்டுல சொல்லி வச்சிருக்கேன். ஆனா என்னைய கேட்டா விலை பெரிய விஷயம் இல்ல, மீதி 346 நாளு அது எங்க இருக்கும்ங்கறதுதான் விஷயம். வண்டி மேலயே விட்டா மைலேஜ் போகும், வெயில்ல கவர் வெளுக்கும், பேஸ்மென்ட்ட மறந்துரணும். கழட்டுனா 52 கிலோவ எங்க வைக்கறது? எங்க வீட்டு போர்ட்டிகோல கம்பி கொக்கி இருந்துச்சு, அதுல செயின் பிளாக் மாட்டி, வண்டிய அடியில நிறுத்தி, பட்டை போட்டு தூக்கி அப்படியே தொங்க விட்டுருவேன், தனியாளா முடியுது. அதோட ஈரமா மடிச்சுட்டு வந்தா வீட்டுக்கு வந்து ரெண்டு நாளைக்குள்ள விரிச்சு காயப் போட்டாகணும். அப்பார்ட்மென்ட்ல இருக்கறவங்க, ஓப்பன் பார்க்கிங் கூட இல்லாதவங்க, இத எங்க தூக்குவீங்க, எங்க காயப் போடுவீங்க? அதுக்கு பதில் இல்லன்னா வாங்காதீங்க, சத்தியமா வாங்காதீங்க. பெங்களூர்ல டென்ட்டு மாட்டுன வண்டியே வாடகைக்கு தர்றாங்க, ரெண்டு நைட்டு எடுத்துப் பாருங்க, அதுல ஒரு நைட்டாச்சும் மழையா இருந்தா நல்லது.

வீட்டுல கார் நிறுத்த எடம் இருந்து, ஒரே எடத்துல ரெண்டு மூணு நாள் இருக்கற பழக்கம் இருந்து, மழைக்காடு பக்கம் போறவங்களா இருந்தா தாராளமா வாங்குங்க. நான் விக்கப் போறது இல்ல. எங்கப்பா இன்னும் ஏறல, ஆனா போர்ட்டிகோல தொங்கறதுக்கு கீழ ஈசிசேர் போட்டு உக்காந்துட்டு வர்றவங்க போறவங்களுக்கு எல்லாம் வெளக்கம் சொல்றது அவருதான்.

ஒண்ணே ஒண்ணு, அனெக்ஸ்னு கீழ தொங்கற ஒரு ரூம் தனியா விப்பாங்க, ஏணிய சுத்தி வர்ற மாதிரி, டிரெஸ் மாத்தலாம், சமைக்கலாம்னு. 11,000 குடுத்து அதையும் வாங்குனேன், மேல போட்ட கணக்குல வேணும்னே சேக்கல, வீட்டுல இத படிப்பாங்க. ஒரே தடவ மாட்டிப் பாத்தோம், மாட்டவே அரை மணி நேரம், திரும்ப பெட்டிக்குள்ள போனது போனதுதான். கோயம்புத்தூர் சுத்துல யாருக்காச்சும் வேணும்னா சொல்லுங்க, பாதி விலைக்கு தரேன், வந்து எடுத்துக்கணும்.